ஆறாவதாகப் போகிறவன்

...அப்படியென்றால் இவ்வளவு நேரமும் இந்த மனிதர்கள் என்னதான் செய்துகொண்டிருப்பார்கள்? இரண்டு காலிலும் கால்காப்பைக் கட்டி, துடுப்பை மடியில் குறுக்கே போட்டு, அக்காவின் மடக்குக் கதிரையில் குந்தியிருந்த ஏகாம்பரத்துக்கு முப்பத்தொரு வயதில் முதன்முதலாக வந்த சந்தேகம் இது, இங்கிலாந்தில் ஒரு கவுன்டி கிரிக்கெட் அணிக்கு ஏழு கோடைகள் சம்பளத்துக்கு ஆடியவனுக்கு, நூற்றுக்கணக்கான தடவை வெள்ளை உடுப்புப் போட்டுத் தயாரானவனுக்கு, தன் முறை வரும்வரை காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியாது, நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள், ஆனால் உண்மை, ஆட்டத்தைத் தொடங்குகிறவனுக்குக் காத்திருப்பு ஏது, நடுவர் போவார், பின்னால் இவன் போவான், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் இலேசில் விடுமா? சற்றுமுன் நடுவர்கள் மைதானத்துக்குள் இறங்கியதும் இவனும் எழும்பி, ஆட்டத்தைத் தொடங்கப்போன ஜாபருக்குப் பக்கத்தில் மிடுக்காக நடக்கத் தொடங்கிவிட்டான், ஜாபரோடு போகவேண்டிய மற்ற ஆள் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லைக் கயிற்றடியில் முழித்துக்கொண்டு நிற்கிறான், பின்னாலிருந்து அத்தான் கத்துகிறார், "ஏய் தம்பி, எங்க காணும் போறீர்? நீர் ஆறாவது! திரும்பி வாரும்!" ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பூங்காவில் நாய் கூட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரக் கிழவி வரைக்கும் திரும்பிப் பார்த்தாள். ரெக்ஸ்டேலில் இருந்து வந்த எதிரணிக்காரர், எல்லாரும் மேற்கிந்தியப் பெடியள், சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. கவுன்டிக்காரனாம், தன் இடம் எது என்றே தெரியவில்லையாம்.

தெரியவில்லைதான். மூன்று நாளாக அதுதானே பிரச்சினை. வியாழக்கிழமை, ஆட்டக்காலம் முடிந்து அவன் வந்து தங்கியிருக்கிற அக்காவின் அபார்ட்மென்ட் தபால்பெட்டிக்குள் வந்து கிடந்த அந்த நீல விமானக் கடிதம், இப்போதும் காற்சட்டையின் பின்பையில் நாலாக மடிந்து இருக்கிறது, கதிரையில் அசையும்போதெல்லாம் சரசரக்கிறது. கவுன்டியின் செயலாளர் நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார், தங்கள் ஒப்பந்தத்தை மேலும் இரண்டு வருடங்களுக்கு நீட்டிக்கக் குழு மகிழ்ச்சியோடு தீர்மானித்திருக்கிறது, மாத முடிவுக்குள் பதில் தரவும். அந்த வரியை வாசித்தபோது அக்காவைத் தூக்கிச் சுற்றாத குறை, பின்னே, இந்தக் கோடை முழுக்க அவன் ஆடிய ஆட்டத்துக்குக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தாலும் கேட்க நாதியில்லை, எழுபத்தாறாம் ஆண்டின் வெயிலில் இங்கிலாந்தின் புல்லெல்லாம் கருகித் தரை சீமெந்தாகிக் கிடந்தது, புதுப்பந்து காதுக்குப் பக்கத்தில் சீறிக்கொண்டு போனது, பூச்சியம், நாலு, பதினொன்று, மறுபடி பூச்சியம்... அப்படியிருந்தும் இரண்டு வருடம்! ஆனால் கடிதம் அதோடு நிற்கவில்லையே. அடுத்த வருடம் தொடக்கம் தங்களை ஆறாம் இடத்தில் ஆடவைக்க எண்ணுகிறோம். அதற்குக் கீழே, போகிற போக்கில் சேர்த்த மாதிரி, அந்த இடத்தில் ஆடிவந்த நோர்மன் ஓய்வு பெறுவது தாங்கள் அறிந்ததே, போகுமுன் அவர் தங்களைப் பற்றி எங்களோடு ஒரு வார்த்தை பேசினார். ஒரு வார்த்தை. என்ன வார்த்தை? அந்த ஒரு வார்த்தைதான் மூன்று நாளாகத் தொண்டைக்குள் மீன்முள் மாதிரி நிற்கிறது.

வேறென்ன சொல்லியிருப்பார், இவனுக்குப் புதுப்பந்தைப் பார்த்தால் பயம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆறாவது இடமாம்! தொடங்குகிறவன் என்றால் அது ஒரு கெத்து, பத்திரிகையில் முதல் பெயர், கறுப்புப் பலகையில் முதல் பெயர், யாரும் மிதிக்காத தரை, யாரும் கீறாத கோடு, மினுங்குகிற பந்து. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குப் பதினாறு வயதில் போனபோதே முதலாவதுதான், கொழும்பிலும் முதலாவது, கணக்கியல் படிக்க என்று லண்டனுக்கு வந்து, படிப்பைக் காற்றில் விட்டு, சனிக்கிழமை கிளப்பில் ஆடி, கவுன்டிக்காரர் கண்ணில் பட்டதும் முதலாவதாகப் போய் எடுத்த ஓட்டத்தால்தான். ஆறாவது ஆள் யார்? முன்னுக்குப் போனவர்கள் சிந்திவிட்டு வந்ததை அள்ளுகிறவன். அவனுக்குப் பின்னால் பந்துவீச்சாளர்கள், துடுப்பைத் தரை கூட்டுகிற தும்புக்கட்டை மாதிரிப் பிடிக்கிறவர்கள், அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரிய வேண்டும். அந்த வேலையை நோர்மன் செய்தார், நரைத்த தலையும் வீங்கின முழங்காலுமாகப் பதினாலு வருடம் செய்தார், சரி, அது அவருடைய சுபாவம். நான் ஏன் செய்யவேண்டும்? இந்தக் கதையை நேற்று இரவுச் சாப்பாட்டு மேசையில் கொட்டித் தீர்த்தபோது அத்தான் சோற்றைப் பிசைந்தபடி, "உம்மட ஆக்கள் ஆறாவதெண்டு சொல்லியிருக்கினமெல்லே, நாளைக்கு எங்கட மட்ச்சில ஒருக்கா ஆறாவதாப் போய்ப் பாருமன், ஆர் உம்மைக் கேக்கப்போகினம்" என்றார். கப்டன் அவர்தான். கூப்பன் துண்டின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி, ஆறாவது இடத்தில் மச்சானைப் போட்டு, அதை அக்காவிடம் கொடுத்துவிட்டார், மேல்முறையீடு கிடையாது.

முதல் விக்கெட் விழுந்தது. ஓட்டம் ஒன்பது. ஏகாம்பரம் கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டான், பிறகு எண்ணிப் பார்த்து இருந்தான், இன்னும் மூன்று. பக்கத்தில் லலிதா அக்கா மடியில் ஸ்கோர்ப் புத்தகத்தை விரித்து, பென்சிலைக் காதில் செருகி, பக்கத்துக் கதிரையில் பொரித்த ரோல்ஸ் தட்டை வைத்து, இலங்கை வங்கியின் முகாமையாளர் மாதிரி இருந்தாள். "உதென்னடா, பிளேன் ஏறப்போறவன் மாதிரி முதலே கட்டிக்கொண்டு இருக்கிறாய்? கால் புழுங்கேல்லையோ?" என்றாள். வேண்டாம் அக்கா, இருக்கட்டும். "கடிதத்துக்குப் பதில் எழுதிட்டியோ?" யோசிக்கிறன். "என்னத்தை யோசிக்கிறாய்? ரெண்டு வரியமெண்டு தாறாங்கள். முதலாவதாப் போனாலென்ன, கடைசியாப் போனாலென்ன, என்ர கொப்பியில ஆளுக்கு ஒரு வரிதான்." சொல்லிவிட்டு அந்த ஓவரின் கடைசிப் பந்துக்குப் புள்ளி வைத்தாள். இவளோடு வாதாட முடியாது, ஒருபோதும் முடிந்ததில்லை, இவள் இல்லாவிட்டால் இன்று இந்தக் கடிதமும் இல்லை... அப்பா செத்துப்போகும் வரைக்கும் மகன் கணக்குச் சோதனை எழுதிக்கொண்டிருக்கிறான் என்று நம்பினாரே, அதெப்படி? இவள்தான். ரொறன்ரோவில் இருந்துகொண்டு, பாதி உண்மையும் பாதிப் பொய்யுமாகக் கிழமைக்கு ஒரு கடிதம், தம்பி நல்லாய்ப் படிக்கிறான் அப்பா, மெலிஞ்சுபோனான் அப்பா, பகிடி என்னவென்றால் பொய்யே சொல்லத் தெரியாதவள், கோயில் பிரசாதத்தை முதல் தின்றதைக்கூட மறைக்கத் தெரியாதவள். ஒருநாளும் இதை ஒரு உதவியாகச் சொல்லிக்காட்டினதில்லை. நானாவது ஒருநாள் அக்கா, உன்னால்தான் என்று சொன்னேனா? சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம் என்று வாயெடுத்தான், "ரோல்ஸ் நல்லாயிருக்கு அக்கா" என்றுதான் வந்தது.

இரண்டாவது விக்கெட்டும் போனது, நாலாவதாகப் போனவனும் வந்த சூட்டோடு திரும்பிவிட்டான், விழுந்தது மூன்று. ரெக்ஸ்டேல் பெடியன் ஒருத்தன், ஆறடிக்கு மேல், ஓடிவரும்போதே தரை அதிர்கிறது, ஆடுமிடத்தில் விரித்திருக்கிற கயிற்றுப் பாயில் குத்தி எழும்புகிற பந்து ஜாபரின் விலாவில் படாரென்று அடிக்கிறது, ஜாபர் அசைகிறானில்லை. மதராஸ்காரன், பகலில் ஏதோ ஆய்வுகூடத்தில் தண்ணீரைச் சோதிக்கிற வேலை, வாழ்க்கையில் ஒரு நாளும் சம்பளத்துக்கு ஆடாதவன், அவன் வாங்குகிற ஒவ்வொரு அடிக்கும் ஏகாம்பரம் தன் விலாவைத் தடவிக்கொண்டான். வெளியில் இருந்து பார்த்தால் இப்படியா இருக்கும்? உள்ளுக்கு நிற்கிறவனுக்குப் பந்து மட்டும்தான் தெரியும், வெளியில் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரிகிறதே, ஜாபரின் இடது தோள் இறங்குவது, பந்துவீசுகிறவன் களைத்து ஓட்டத்தில் ஒரு அடியைக் குறைப்பது, காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது, மேப்பிள் மரத்தடியில் நிற்கிற களத்தடுப்பாளன் இடதுகைக்காரன் என்பது... அட, இதையெல்லாம் பார்த்துக்கொண்டா இருப்பார்கள்? கைக்கு வேலை வேண்டியிருந்தது, குனிந்து இடது கால்காப்பின் வாரை இறுக்கினான். ஏழு கோடைகளாக அவசரத்தில் இழுத்து மாட்டின வார், இன்றைக்குத்தான் அதைப் பார்க்க நேரம் கிடைத்தது. கொக்கிக்குப் பக்கத்தில் சிவப்பு நூலால் தைத்திருந்தது. நெருக்கமான சின்னச் சின்னத் தையல், முடிவில் இரட்டை முடிச்சு.

சிவப்பு நூல்? யூலையில் இந்த வார் அறுந்தது ஞாபகம் இருக்கிறது, நாலு ஓட்டத்தில் வெளியேறி வந்த கோபத்தில் காலால் உதைத்துக் கழற்றியதில் அறுந்தது, மூலைக்குள் வீசி எறிந்தான், அடுத்தநாள் காலையில் பார்த்தால் சரியாக இருக்கிறது, உடுப்பு மாற்றும் அறைக்குப் பொறுப்பான கிழவன்தான் செய்திருப்பான் என்று போய் நன்றி சொன்னான், எனக்கெதற்கு நன்றி என்றான் கிழவன், வெள்ளைக்காரனின் பணிவு என்று இவன் நினைத்துக்கொண்டான். மடையன். இந்தத் தையலை எங்கே பார்த்திருக்கிறேன்... நோர்மனின் கையுறையில். அவருடைய பழைய புகையிலைத் தகரத்தில், யன்னலோரம் அவர் இருக்கிற இடத்தில், ஊசியும் மனைவியின் பின்னல் கூடையில் இருந்து எடுத்த சிவப்பு நூலும் இருக்கும், தன் முறை வரும்வரைக்கும் யாருடையதையாவது தைத்துக்கொண்டிருப்பார், ஒரு கண் தையலில், ஒரு கண் யன்னலுக்கு வெளியே. அப்ப இதுதான் அவர்கள் செய்கிற வேலை! கேட்டாயே, என்ன செய்வார்கள் என்று. முதல் வருடம், கறுப்பனுக்கு அறை இல்லை என்று இரண்டு வீட்டுக்காரிகள் கதவைச் சாத்தியபோது, என் வீட்டில் மேல் அறை சும்மாதான் கிடக்கிறது என்றவர், ஒரு குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பாடு போட்டவர், அவர் மனைவி இவனுக்காகக் கறி என்று ஒன்று வைத்தாள், அப்பிளும் முந்திரிகைவற்றலும் போட்டு இனிப்பாக, கடவுளே, அதைக் கண்ணீர் வர வர இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றான், உறைப்பால் வந்த கண்ணீர் இல்லை அது. அந்த மனிதரைப் பற்றியா மூன்று நாளாக இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

சரி, தைத்தார், சோறு போட்டார், அவர் ஆடினதை எத்தனை தரம் பார்த்திருக்கிறாய், அதைச் சொல்லு. ஏகாம்பரம் யோசித்தான். வெட்கக்கேடு, யோசிக்க யோசிக்க ஒன்றும் வரவில்லை. இவன் வெளியேறி வந்தால் கையுறையை எறிவான், குளிக்கும் தொட்டியை நிரப்புவான், கழுத்துவரை சுடுதண்ணீரில் கிடந்து தன் தோல்வியை ஊறவைத்துக்கொண்டிருப்பான், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக விக்கெட் விழும், கதவு திறக்கும், நோர்மனின் ஆணிச் சப்பாத்து படிகளில் இறங்கிப் போகும், டக் டக் என்று அவசரமே இல்லாமல். பிறகு கைதட்டல் கேட்கும். ஒவ்வொரு கைதட்டலும் இவனுக்கு எரிச்சலாக இருக்கும். அடுத்தநாள் பத்திரிகையில் பார்த்தால் நோர்மன் அறுபத்துமூன்று, ஆட்டமிழக்கவில்லை, அணி தப்பிப் பிழைத்தது. ஏழு கோடைகள், எத்தனை தரம்? இவன் சிந்தியதை அள்ளி அள்ளி அந்த மனிதர் அணியைக் காப்பாற்றியிருக்கிறார், அணி தப்பியதால் இவன் இடமும் தப்பியிருக்கிறது, அதை ஒருநாளாவது யன்னலோரம் நின்று பார்த்தேனா? இல்லையே. அவரோ உள்ளே வந்து, வியர்வை ஒழுக ஒழுக, குளிக்கும் அறைக் கதவைத் தட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்பார், ஏகா, தண்ணீர் இன்னும் சூடாக இருக்கிறதா? அதைப் பகிடி என்று நினைத்தேன், இருக்காது, பாவம் மனிதருக்கு முழங்கால் நொந்திருக்கும்.

முழங்கால்... பொறு. இந்த வருடச் சித்திரை மாதம், பயிற்சி தொடங்கின முதல்நாள், குளிர் காற்று, எல்லாரும் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு நின்றார்கள், நோர்மன் முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார், இந்தக் கோடை போனாலும் இதற்குள் இன்னும் இரண்டு கோடை மிச்சம் இருக்கிறது ஏகா, அதுக்குமேல் ஒரு நாள்கூட இல்லை, எண்ணி வைத்திருக்கிறேன். இரண்டு கோடை. ஏகாம்பரத்தின் கை பின்பையில் இருந்த கடிதத்தைத் தொட்டது. எனக்குத் தந்திருப்பது எத்தனை? இரண்டு. ஆட்டக்காரரின் எண்ணிக்கையைக் குறைக்கப்போகிறார்கள் என்று ஆவணியிலேயே எல்லாரும் குசுகுசுத்தார்கள், ஒருத்தர் போனால்தான் ஒருத்தர் நிற்கலாம் என்று. அந்த ஒரு வார்த்தை... புதுப்பந்துக்குப் பயப்படுகிறான் என்ற வார்த்தையாகவும் இருக்கலாம். பந்து பழசானபிறகு இவனைவிட நல்லாய் ஆட இங்கே ஆளில்லை, என் இடத்தை இவனுக்குக் கொடுங்கள் என்ற வார்த்தையாகவும் இருக்கலாம். தெரியாது, நிச்சயமாகத் தெரியாது, கேட்டாலும் சொல்லமாட்டார், தண்ணீர் சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்பார். பக்கத்தில் அக்கா பென்சிலைச் சீவுகிறாள், வெயில் மேப்பிள் இலைகளின் மேல் மஞ்சளாகக் கிடக்கிறது, ஊர்பேர் தெரியாதவனை எத்தனைபேர் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து இந்தக் கதிரையில் இருத்தியிருக்கிறார்கள், நான் என்னவென்றால் பலகையில் முதல் பெயர் போடவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு...

"போச்சு!" என்றாள் அக்கா. ஜாபரின் நடுக்கம்பு பின்னால் பறந்து கிடந்தது. நாற்பத்தெட்டுக்கு நாலு. "ஏகன், உன்ர வரி வந்திட்டுதடா, போ. ஆறுதலாப் போ." எழும்பினான், கால் மரத்திருந்தது, இதையும் யாரும் முன்பு சொல்லித் தரவில்லை. "அக்கா, ஓமெண்டு எழுதப்போறன்" என்றான். "ஆருக்கு?" கவுன்டிக்கு. "முதல் நோர்மனுக்கு எழுது" என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமலே, அவன் பெயரை ஆறாவது வரியில் எழுதிக்கொண்டு. நேற்று இரவு இவளுக்கு முன்னால் நோர்மனைத் திட்டினது மட்டும்தானே, பிறகு எப்படி... வழியில் ஜாபர் விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தான், "சாரி சார், இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம். அந்த உயரமான பையன் டயர்ட் ஆயிட்டான் சார், பந்தும் பழசாகி மெத்துன்னு ஆயிடுச்சு, இனிமே உங்களுக்கு ஈஸி." ஏகாம்பரம் நின்றான். ஏழு வருடத்தில் வெளியேறி வருகிற ஆளை எதிரில் சந்தித்ததே இல்லை, வெளியேறி வருகிற ஆள் எப்போதும் அவனாகத்தான் இருந்தான், எதிரில் வருகிறவர் ஏதோ சொல்வார், அவன் காதில் வாங்காமல் போய்விடுவான். "நீங்கள் நிண்டபடியால்தான் அவன் களைச்சான் ஜாபர். நன்றி" என்றான். ஜாபர் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

ஆடுமிடத்தில் பாய் ஒரே அழுக்காக இருந்தது. எப்போதும் அவன் போகும்போது வெறுமையாக இருக்கிற இடம், எங்கே நிற்பதென்று நடுவரிடம் கேட்டுச் சப்பாத்தால் தன் கோட்டைத் தானே கீறுவான், நடுவுக்கும் லெக் ஸ்டம்புக்கும் இடையில், யோசிக்கவே தேவையில்லை, வாய் தானாகச் சொல்லும். இன்றைக்கு அங்கே ஏற்கெனவே சுண்ணக்கட்டிக் கோடுகள், ஜாபரின் கோடு, மூன்றாவது ஆளின் கோடு, மற்றவர்களுடையது, ஒன்றின்மேல் ஒன்று, சப்பாத்தால் தேய்ந்து, சில அரைவாசி அழிந்து. எதில் நிற்கலாம் என்று பார்த்தான். தபால் கொண்டுபோகிற உத்தியோகக்காரரான பார்படோஸ் நடுவர், குனிந்து, ஒரு கண்ணை மூடி, எந்த ஸ்டம்புக்கு நேரே துடுப்பை வைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஏகாம்பரம் வாயைத் திறந்தான், வழக்கமான சொல் வரவில்லை, அதற்குப் பதிலாக வேறொன்று வந்து நின்றது, ஆறாவதாகப் போய் நிற்கிறவர் என்ன கேட்பார், நோர்மன் என்ன கேட்பார்? நடுவா? லெக்கா? பதினாலு வருடம் இந்த இடத்தில் நின்ற மனிதர், ஏழு வருடம் ஒரே அறையில் உடுப்பு மாற்றின மனிதர், ஒரு குளிர்காலம் தன் வீட்டில் சோறு போட்ட மனிதர். நடுவர் மறுபடியும் கேட்டார். தூரத்தில் உயரமான பெடியன் பந்தைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு காத்து நின்றான், அக்காவும் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள், துடுப்பை நட்டுப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரம் நின்றான், அவனுக்குத் தெரியவில்லை.